லொறி என்ஜினைக் குளிப்பாட்டாதீங்க, தொடச்சா போதும்

கச்சான் காத்து அடிக்கிற ஜூலை, ஓகஸ்ட், செப்டம்பர்ல பசறைப் பக்கம் தோட்டத்து ரோட்டுல ஓடுற எந்த லொறியோட கெபினைத் தூக்கிப் பார்த்தாலும் உள்ள ஒரே நிறம்தான். செம்மண். ரேடியேட்டர், வயர், பெட்டரி, ஓஸ் எல்லாத்து மேலயும் ஒரு படை. தேயிலைக்காரங்களுக்கு அது நல்ல மாசம். மேற்குப் பக்கம் மழையைக் கொட்டிட்டு மலையைத் தாண்டி இந்தப் பக்கம் காஞ்சு இறங்குற காத்துலதான் ஊவா தேயிலைக்கு அந்த வாசம் வருதுன்னு ஏலத்துல விலை கூட்டிக் கேப்பாங்க. அதே காத்து கொழுந்து லொறிக்காரருக்குத் தூசிதான் குடுக்குது. இதுல யாருக்கும் சண்டை இல்ல. அந்தத் தூசிய எப்படி எடுக்கிறதுன்னு கேட்டாத்தான் சண்டை. கேட்ட உடனே வர்ற பதில், "பிரஷர் கன்னை எடுத்து நல்லா அடிச்சு விடு". அது இல்லன்னா, "மண்ணெண்ணெய் அடிச்சுக் கழுவு, கண்ணாடி மாதிரி இருக்கும்". ரெண்டையும் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருது. ஏன்னு விளக்கமாச் சொல்றேன், பொறுமையாப் படிங்க.

என்னோட கட்சி இதுதான். என்ஜின் பக்கம் சுத்தம் பண்றது அழகு பார்க்கிற வேலை இல்ல. சூடு வெளிய போகணும், அது ஒரு காரணம். எங்க ஒழுகுது, எந்த ஓஸ் வெடிச்சிருக்கு, எந்த வயரை எலி கடிச்சிருக்குன்னு கண்ணுக்குத் தெரியணும், அது இன்னொரு காரணம். இந்த ரெண்டுக்கும் காஞ்ச பிரஷ், துணி, கொஞ்சம் நேரம், இவ்வளவு போதும். தண்ணி கடைசியாத்தான், அதுவும் துணியில நனைச்சு. பிரஷர் கன் வேண்டாம். மண்ணெண்ணெய் அதைவிட வேண்டாம்.

முதல்ல தூசி என்ன செய்யுதுன்னு பார்ப்போம். நம்ம மலைநாட்டுப் பாறை உடைஞ்சு மண்ணாகும்போது அதுல படிகக்கல் துகள், அதாவது குவார்ட்ஸ், நிறைய இருக்கும். கடினத்தை அளக்கிற மோஸ் அளவுல அது 7. சாதாரண இரும்பு, அலுமினியம் எல்லாம் அதுக்குக் கீழதான். அதனால அந்தத் துகள் என்ஜினுக்கு உள்ள போனா, பிஸ்டன் வளையத்தையும் சிலிண்டரையும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரி தேய்ச்சிடும். கவனிங்க, உள்ள போனாத்தான். வெளிய, என்ஜின் உடம்பு மேல, காஞ்சு கிடக்கிற தூசி ஒண்ணும் செய்யாது. பாக்க அசிங்கமா இருக்கும், அவ்வளவுதான். ஆனா எயார் பில்டர் மூடியைத் திறக்கும்போது, டீசல் பில்டரைக் கழட்டும்போது, ஒயில் ஊத்துற மூடியைத் திருகும்போது, பக்கத்துல கிடக்கிற அந்தப் பிடி மண்ணுதான் உள்ள விழும். தேய்மானம் தொடங்குறது அங்க இருந்துதான். புது கொமன் ரெயில் என்ஜின்ல டீசல் 1,600 பார் அழுத்தத்துல, சிலதுல அதுக்கும் மேல, கண்ணுக்குத் தெரியாத ஓட்டை வழியா பீச்சுது. அந்த ஓட்டைக்கு ஒரு மண் துகளே பெரிய விஷயம். ஆக முழு என்ஜினும் மினுங்க வேண்டியதில்ல. மூடிகளும் பில்டர்களும் இருக்கிற இடம் சுத்தமா இருக்கணும்.

அடுத்து ரேடியேட்டர். பிபிலையில இருந்து லுணுகலை வழியா பசறைக்கு ஏறுற லொறியையோ, மொனராகலையில இருந்து பாரத்தோட வர்ற லொறியையோ யோசிச்சுப் பாருங்க. ரெண்டாம் கியர்ல, மெதுவா, முழு பலத்தோட, நிறுத்தாம ஏறணும். வேகம் இல்லாததால முன்னால இருந்து வர்ற காத்தும் கம்மி. சூட்டை வெளிய தள்ற வேலை முழுசும் மின்விசிறிக்கும் ரேடியேட்டர் தகட்டுக்கும்தான். அந்தத் தகட்டுக்கு நடுவுல தூசி, பூச்சி, சருகு, கொழுந்து மூட்டையில இருந்து பறக்கிற பிசிறு எல்லாம் அடைஞ்சிருந்தா, சமதரையில தெரியாத சூடு ஏத்தத்துல தெரியும். ஊசி சிவப்புக்குப் போனதும் தண்ணியை மாத்துறாங்க, தேர்மோஸ்டட்டை மாத்துறாங்க, சில பேர் தேர்மோஸ்டட்டையே கழட்டி வீசுறாங்க. ரேடியேட்டருக்குப் பின்னால ஒரு டோர்ச் வெளிச்சம் பிடிச்சு, முன்னால நின்னு பார்க்கிறதுக்கு ஒரு நிமிஷம் போதும். வெளிச்சம் வராத இடம் எல்லாம் அடைப்பு. சுத்தம் பண்ற வேலையிலயே காசுக்குப் பிரயோசனமான பகுதி இதுதான்னு சொல்லுவேன்.

மூணாவது, எண்ணெயும் தூசியும் சேர்ந்த பிசுக்கு. உண்மையான எதிரி இதுதான். எங்கயோ ஒரு கேஸ்கட் கசியும், அந்த ஈரத்துல தூசி ஒட்டும், அது மேல இன்னும் எண்ணெய், இன்னும் தூசி, கடைசியில விரல் மொத்தத்துக்கு ஒரு கறுப்புப் படை. அது என்ஜின் சூட்டைப் போர்வை மாதிரி பிடிச்சு வைக்குது. கசிவு எங்க ஆரம்பிச்சதுன்னு மறைக்குது. அதைவிட மோசம், பத்திக்கிற சாமான் அது. டீசல் நெருப்புக் கொளுத்தாமலே தானாப் பத்துற வெப்பம் 210 முதல் 250 பாகைக்குள்ளதான். (பெற்றோலைவிட டீசலுக்கு இந்த அளவு கம்மின்னு நிறைய பேருக்குத் தெரியாது.) பாரத்தோட ஏறுற டர்போ லொறியோட புகைக்குழாய் ஆரம்பிக்கிற இடம் அதைவிட ரெண்டு மடங்கு சூடாகும். அங்க பிசுக்கு இருக்கிறது எவ்வளவு ஆபத்துன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

சரி, அப்ப தண்ணி அடிச்சுக் கழுவினா என்ன குறைஞ்சு போகும்? "மழையில ஓடுற லொறிதானே, ஐப்பசி கார்த்திகை மழையில நனையாத என்ஜினா?" இதுதான் முதல் ஆட்சேபம், நியாயமானதும் கூட. ஆனா மழைக்கு அழுத்தம் கிடையாது. மேல இருந்து விழுது, வழியுது, போயிடுது. வயர் கனெக்டருக்கு நல்ல தரம்னு சொல்ற ஐபி67 பரீட்சை என்னன்னா, அதை 1 மீட்டர் ஆழத் தண்ணியில அரை மணி நேரம் வச்சுப் பார்க்கிறது. 1 மீட்டர் தண்ணியோட அழுத்தம் 0.1 பார்தான். வீட்டுக்கு வாங்குற சாதாரண பிரஷர் கன்னோட பம்ப் 100 பார்ல தண்ணியைத் தள்ளும். தண்ணி காத்துல பரவி வரும்போது அந்தப் பலம் நிறையக் குறைஞ்சிடும், உண்மைதான். ஆனா பக்கத்துல கொண்டு போய் மூலையில அடிக்கிறதுதானே நம்ம வழக்கம்? அந்த மாதிரி அடியைத் தாங்குறதுக்குன்னே ஐபி69கேன்னு தனியா ஒரு பரீட்சை இருக்கு. 80 பாகை சூட்டுத் தண்ணி, 80 முதல் 100 பார், 10 முதல் 15 சென்டிமீட்டர் தூரம். அதுல பாஸான கனெக்டர் எல்லா லொறியிலயும் எல்லா இடத்துலயும் இருக்காது. இருந்தாலும் அந்தப் பரீட்சை எழுதினது புது கனெக்டர். நம்ம ரோட்டுல ஓடுறது என்ன வயசு லொறி? 2020 மார்ச்சுல வாகன இறக்குமதியை நிப்பாட்டினாங்க, 2025 தொடக்கத்துலதான் கதவு சரியாத் திறந்துச்சு. அதுக்கு முன்னாலயே ஜப்பான்ல ஓடித் தேஞ்சு வந்த எல்ஃபும் கென்டரும்தான் இங்க பாதி வேலையைப் பார்க்குது. பல வருஷச் சூட்டுல கனெக்டர் ரப்பர் எல்லாம் காஞ்சு கல்லாயிருக்கும். அதுகிட்ட போய் 100 பாரைக் காட்டுறது வீண் வம்பு.

இன்னொண்ணும் இருக்கு, இதைப் பெரும்பாலும் யாரும் யோசிக்கிறதில்ல. சூடா இருக்கிற கனெக்டருக்குள்ளயும் சென்சருக்குள்ளயும் இருக்கிற காத்து விரிஞ்சிருக்கும். மேல குளிர்ந்த தண்ணி பட்டா அந்தக் காத்து சட்டுன்னு சுருங்கும். சுருங்கின இடத்தை நிரப்ப வெளிய இருக்கிறதை உள்ள இழுக்கும். வெளிய இருக்கிறது என்ன? தண்ணி. அழுத்தமே இல்லாம வாளியால ஊத்தினாலும் இது நடக்கும். வார்ப்பிரும்பு மெனிபோல்டுல சூட்டோட பீலித்தண்ணி பட்டா வெடிப்பு விழுற கதை தனி. அதனால எந்த முறையில சுத்தம் பண்ணாலும் என்ஜின் நல்லா ஆறணும். புறங்கையை வச்சா சுடக் கூடாது. மத்தியானம் வந்து நின்ன லொறியை உடனே கழுவாதீங்க, சாயங்காலமா தொடுங்க. அடுத்த நாள் காலையில செஞ்சா இன்னும் நல்லது.

"சேர்விஸ் ஸ்டேஷன்ல காலங்காலமா அடிச்சுத்தானே கழுவுறாங்க, ஒண்ணும் ஆகலயே?" ரெண்டாவது ஆட்சேபம். ஒண்ணும் ஆகலன்னு எப்படித் தெரியும்? கழுவின அன்னைக்கே நின்னு போனாத்தான் நம்ம ஆளுங்க கழுவினதோட சேர்த்துப் பார்ப்பாங்க. கனெக்டருக்குள்ள போன ஒரு துளி தண்ணி அன்னைக்கு ஒண்ணும் செய்யாது. பித்தளைக் காலைப் பச்சை பிடிக்க வைக்கும், மெதுவா. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள் லைட் எரியாது, சார்ஜ் ஏறாது, ஸ்டார்ட் பண்ணும்போது "டிக்"னு ஒரு சத்தம் மட்டும் வரும். அப்ப பெட்டரி மேல பழி போட்டுப் புதுசு வாங்குவாங்க. சேர்விஸ் ஸ்டேஷன்லயும் அனுபவம் உள்ள ஆள் டைனமோவுக்கும் எயார் பில்டர் வாய்க்கும் பொலித்தீன் கட்டிட்டு, தூர நின்னு, விரிச்சு அடிப்பாரு. அவர் கையில கொம்பிரசர் இருக்கு, கழுவின உடனே ஊதிக் காய வைப்பாரு. அதைப் பார்த்துட்டு வீட்டுல வெறும் கன்னை மட்டும் வாங்கி வச்சிருக்கிறவருக்கு அந்தப் பாதி வேலைதான் தெரியும். நான் சேர்விஸ் ஸ்டேஷனுக்கு எதிரி இல்ல. லொறிக்கு அடியில, சில்லு, ஸ்பிரிங், சேசி எல்லாம் அங்கதான் கழுவணும்.

"என்னோடது பழைய லொறி, கம்பியூட்டர் கிடையாது, கீ போட்டா ஓடும்" என்கிறவங்க அடுத்து வருவாங்க. சரி, கம்பியூட்டர் இல்ல. டைனமோ இருக்குல்ல? அதுக்குள்ள காத்துப் போக ஓட்டை வச்சிருக்காங்க, அது வழியா தண்ணியும் போகும், பிசுக்குக் கரைசலும் போகும். ஸ்டார்ட்டர் மோட்டர் இருக்கு. ஒயில் அளக்கிற கம்பி போற குழாயோட வாய் இருக்கு. எயார் பில்டர் இருக்கு. காகித பில்டர் நனைஞ்சா அது காத்தையும் விடாது, கிழிஞ்சா தூசியையும் தடுக்காது. எல்லாத்துக்கும் மேல பிரேக் ஒயில் டப்பா. பிரேக் ஒயில் தண்ணியை உறிஞ்சும் சாமான். டொட் 3 வகை புதுசா இருக்கும்போது 205 பாகையில கொதிக்கணும்னு விதி. தண்ணி சேர்ந்து பழசான நிலையில அந்த அளவு 140க்கு இறங்கிடும். இறக்கத்துல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வரும்போது ஒயில் கொதிச்சு ஆவியானா மிதி வெறும் மிதியாப் போயிடும். பசறையில இருந்து எந்தப் பக்கம் போனாலும் எங்கயோ இறக்கம் இருக்கு. அந்த டப்பா மூடிப் பக்கம் தண்ணியே அடிக்கக் கூடாதுன்னு சொல்றதுக்கு இது ஒண்ணே போதும்.

இனி மண்ணெண்ணெய். இதுதான் நம்ம ஊர்ல ஆழமா வேர் விட்ட பழக்கம். லயத்துல குப்பி லாம்பு எரிஞ்ச காலத்துல மண்ணெண்ணெய் எல்லா வீட்டுலயும் இருந்துச்சு, மலிவாவும் இருந்துச்சு, பிசுக்கைக் கரைச்சதும் உண்மை. ஆனா மலிவுங்கிற காரணம் 2022 ஓகஸ்ட்லயே செத்துப் போச்சு. லீட்டர் 87 ரூபாயில இருந்து ஒரே ராத்திரியில 340 ஆச்சே, மறந்திருக்க மாட்டீங்க. காசை விடுங்க, சூட்டைப் பாருங்க. மண்ணெண்ணெயோட ஆவி நெருப்புப் பட்டா பத்திக்கிற வெப்பம் சுமாரா 38 பாகையில ஆரம்பிக்குது. பசறைக் குளிருக்கு அது பெருசுன்னு தோணும். ஆனா ஓடி வந்து நின்ன என்ஜினோட தண்ணியே 80, 90 பாகையில இருக்கும். அது மேல ஸ்பிரே கன்னால மண்ணெண்ணெயைப் புகை மாதிரி அடிக்கிறப்ப, ஒரு பீடி போதும், பெட்டரி வயர்ல ஒரு பொறி போதும். டீசல் அடிச்சாலும் இதே கதைதான், அதோட அளவு 60 பாகைக்குப் பக்கம். பெற்றோலைப் பத்தி பேசவே வேண்டாம், அது உறைபனிக் குளிர்லயே பத்தும். துணியில நனைச்சுத் துடைக்கிறதுக்குக் கூடப் பெற்றோலை எடுக்காதீங்க.

நெருப்பை ஒதுக்கி வச்சுட்டுப் பார்த்தாலும் மண்ணெண்ணெய்க்கு மார்க் கம்மிதான். ரேடியேட்டர் ஓஸ் செய்யிற ரப்பர், என்ஜினைத் தாங்குற மவுண்ட் ரப்பர் ரெண்டுமே பெற்றோலிய எண்ணெய் பட்டா ஊதிப் போகும், மெத்துன்னு ஆகும். பெல்ட்ல பட்டா வழுக்கும். கடைசியா அந்தப் பளபளப்பு. மண்ணெண்ணெய் போட்டுக் கழுவின என்ஜின் மினுங்குறதுக்குக் காரணம், மேல ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் தங்குறதுதான். அதே லொறி மறுநாள் கிரவல் ரோட்டுல இறங்கினா என்ன ஆகும்? தூசிக்குக் கோந்து பூசிக் குடுத்த மாதிரிதான். காஞ்சு கிடந்த, ஊதினா போயிருக்கக் கூடிய தூசி, இப்ப பிசுக்கா மாறி ஒட்டிக்கும். சுத்தம் பண்ணப் போய் அழுக்குக்கு வழி வெட்டிக் குடுக்கிற வேலை இது. (ஷைன் வரட்டும்னு டயர் பொலிஷ் பூசுற கூட்டத்துக்கும் இது பொருந்தும்.)

சரி, எப்படிச் செய்யலாம்? மலைநாட்டுல இந்த வேலையில முதல் ஆபத்து தூசியும் இல்ல, தண்ணியும் இல்ல. சரிவு. லயத்து வாசல்ல, பங்களா ரோட்டுல சமதரை கிடைக்கிறதே அபூர்வம். எல்ஃப், கென்டர் மாதிரி லொறிக்குப் பொனெட் கிடையாது, கெபினையே முன்னால சாய்க்கணும். லொறி இறக்கத்தைப் பார்த்து நின்னா, கொக்கியை எடுத்த உடனே கெபின் தன் பாரத்துல விழப் பார்க்கும். ஏத்தத்தைப் பார்த்து நின்னா முழுசாச் சாயாம பின்னால திரும்பப் பார்க்கும். அதனால தேடியாவது சமதரைக்குப் போங்க, கோயில் முன்னால இருந்தாலும் கேட்டுப் போங்க. ஹேண்ட் பிரேக், கியர், சில்லுக்கு ரெண்டு பக்கமும் கட்டை, இந்த மூணுமே வேணும், ஒண்ணு இருந்தா மத்தது வேண்டாம்னு நினைக்காதீங்க. கெபினுக்குள்ள கிடக்கிற ஜேக், போத்தல், சாமி படம் எல்லாத்தையும் வெளிய எடுங்க, இல்லன்னா கண்ணாடியில வந்து விழும். கெபினைச் சாய்ச்ச பிறகு தாங்கு கம்பி அதோட பூட்டுல சரியா உக்காந்திருக்கான்னு கண்ணால பார்க்காம தலையை உள்ள விடாதீங்க. டிமோ பட்டா வச்சிருக்கிறவங்களுக்கு இந்தத் தலைவலி இல்ல, சீட்டைத் தூக்கினா என்ஜின். ஆனா சின்ன வண்டிகள்ல ரேடியேட்டர் விசிறி கரண்ட்ல ஓடும். என்ஜின் நின்ன பிறகும் சூட்டைப் பார்த்துத் தானா சுத்த ஆரம்பிக்கலாம். விரல் பத்திரம்.

பெட்டரி வயரைக் கழட்டும்போது லொறி பொடியோட சேர்ந்த மைனஸ் பக்கத்தை முதல்ல கழட்டுங்க. திரும்ப மாட்டும்போது அது கடைசி. மைனஸ் கழண்டிருந்தா ஸ்பெனர் தவறிப் பொடியில பட்டாலும் பொறி வராது. பெரிய லொறியில ரெண்டு 12 வோல்ட் பெட்டரி சேர்ந்து 24 வோல்ட், பொறி கொஞ்சம் பலமா இருக்கும். முனையில பூத்திருக்கிற வெள்ளைப் பொடிக்கு, தண்ணியில கலந்த அப்பச்சோடா போதும், மூடி ஓட்டைக்குள்ள மட்டும் அது போகக் கூடாது.

அடுத்து காஞ்ச வேலை. மேல இருந்து கீழ வரணும், இல்லன்னா துடைச்ச இடத்துலயே திரும்ப விழும். பெயின்ட் அடிக்கிற பழைய பிரஷ்ஷே நல்ல ஆயுதம், கம்பி பிரஷ் வேண்டாம். கொம்பிரசர் இருந்தா பாவிக்கலாம், ஆனா அதுலயும் ஒரு கணக்கு இருக்கு. அந்தச் செம்மண் தூசியில படிகக்கல் இருக்குன்னு சொன்னேன்ல? அதை ஊதினா காத்துல மிதக்கிற நுண்துகள் நுரையீரலுக்குப் போய்த் தங்கிடும், வெளிய வராது. கல்லுடைக்கிற தொழிலாளிகளுக்கு வர்ற சிலிக்கோசிஸ் நோய் இதே சாமானாலதான். ஒரு நாள் ஊதினதுல வராது, ஆனா கராஜ்ல தினமும் ஊதுற பொடியனுக்கு அது தினமும்தான். பழைய பிரேக், கிளட்ச் தகடுகள்ல அஸ்பெஸ்டஸும் இருக்கலாம், அந்தப் பக்கம் காத்தே அடிக்காதீங்க. மூக்குல கைலேஞ்சி கட்டினா அந்த நுண்துகள் நிக்காது. கொரோனா காலத்துல பழகின என்95 மாஸ்க் நிக்க வைக்கும். கண்ணுக்கு ஒரு கண்ணாடி. பிரஷ்ஷால தட்டிக்கிட்டே பக்கத்துல வெக்யூம் குழாயைப் பிடிச்சா தூசி எங்கயும் பறக்காது, என் பார்வையில அதுதான் முதல் தரம். ரேடியேட்டருக்கு மட்டும் காத்து வேணும். அது மெதுவா, என்ஜின் பக்கத்துல இருந்து முன்னால போற மாதிரி. வந்த வழியே திருப்பி அனுப்பணும். முன்னால இருந்து ஊதினா அடைப்பு இன்னும் உள்ள போய் இறுகும், பக்கத்துல வச்சு ஊதினா தகடு மடங்கும்.

எயார் பில்டரைப் பத்திக் கொஞ்சம் தனியாச் சொல்லணும், ஏன்னா நல்ல எண்ணத்தோட அதிகமாக் கெடுக்கிறது இதைத்தான். தூசி மாசம்னா தினமும் பில்டரைக் கழட்டித் தரையில தட்டுறாங்க, ஊதுறாங்க. தட்டினா காகிதமும் ஓரத்து ரப்பரும் நெளியும். பலமா ஊதினா காகிதத்துல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். இன்னும் ஒரு வேடிக்கை, காகித பில்டர் புதுசா இருக்கும்போதைவிட, மேல கொஞ்சம் தூசி படிஞ்ச பிறகுதான் நல்லா வடிகட்டும், அந்தத் தூசிப் படையே இன்னொரு வடிகட்டியா வேலை செய்யுது. ஆக அடிக்கடி கழட்டுறது ஒவ்வொரு தடவையும் உள்ள மண் விழ ஒரு வாய்ப்பு. முழுசா அடைஞ்சதுக்கு அடையாளம் கரும்புகையும் இழுவை குறையிறதும். 2008ல இருந்து வருஷா வருஷம் புகைப் பரிசோதனையில பாஸானாத்தான் வாகன வரி லைசன் கிடைக்குது. அதுல தோத்து வந்து பம்பை நோண்டுறதுக்கு முன்னால பில்டரைப் பாருங்க. புகை பார்க்கிற மெஷினுக்கு உங்க என்ஜின் மினுங்குறது தெரியாது.

தூசி எடுக்கும்போது கவனிக்க வேண்டிய இன்னொண்ணு, எலி. ராத்திரிக் குளிருக்கு என்ஜின் சூட்டைத் தேடி வர்றது வழக்கம், கூடும் கட்டும். கூட்டைப் பார்த்தா கையுறை இல்லாமத் தொடாதீங்க. எலிக்காய்ச்சல் கிருமி எலி மூத்திரத்துல இருக்கு, கீறின தோல் வழியாவும் கண் வழியாவும் உள்ள போகும். 2008ல மட்டும் இந்த நாட்டுல 7,000க்கு மேல ஆட்களுக்கு அந்தக் காய்ச்சல் சந்தேகம்னு பதிவாச்சு. பிரஷர் கன்னால எலிக்கூட்டை அடிச்சா அந்த ஈரம் நேரா முகத்துக்குத்தான் தெறிக்கும். கன் வேண்டாம்னு நான் சொல்ற காரணங்கள்ல இதையும் சேர்த்துக்குங்க.

தூசி போன பிறகு மிச்சம் இருக்கிறது பிசுக்கு மட்டும்தான். மொத்தப் படையை மரச் சீவலாலயோ பழைய பிளாஸ்டிக் கார்ட்டாலயோ சுரண்டி ஒரு தகரத்துல எடுங்க. மிச்சத்துக்கு வெதுவெதுப்பான தண்ணியில கோப்பை கழுவுற சவர்க்காரத் திரவம், ஒரு பிரஷ், ஒரு துணி. தேய்ச்சு, பிழிஞ்ச துணியால துடைச்சு, வேற தண்ணியில நனைச்ச துணியால இன்னொரு தடவை துடைங்க, சவர்க்காரம் தங்கக் கூடாது. கோஸ்டிக் சோடா நல்லா வெட்டும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. அது பிசுக்கோட சேர்த்து அலுமினியத்தையும் வெட்டும். எல்லாம் காஞ்ச பிறகு பெட்டரியை மாட்டி, கெபினை இறக்குறதுக்கு முன்னால ஒரு துணி கூட உள்ள கிடக்கலன்னு பார்த்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க.

"அழுக்கை எடுத்தா ஒழுக ஆரம்பிச்சிடும், அழுக்குதான் அடைச்சு வச்சிருக்கு" என்கிற ஆட்சேபத்தை கராஜ்ல கூடக் கேக்கலாம். பாதி உண்மை. பிரஷர் கன் அடிச்சா மண் துகள் சீலோட உதட்டுக்குள்ள போய், நல்லா இருந்ததும் ஒழுகும். ஆனா பிசுக்கு எந்த ஒழுக்கையும் அடைக்கிறதில்ல, மறைக்கிறது மட்டும்தான். அடைச்சிருந்தா அந்தப் படை எப்படி இவ்வளவு மொத்தமா வளர்ந்துச்சு? துடைச்சு ஒரு கிழமை ஓடின பிறகு திரும்பத் தூக்கிப் பாருங்க. காஞ்ச என்ஜின்ல ஒரே ஒரு இடம் ஈரமா இருக்கும். கராஜ் பாஸ்கிட்ட போய் அந்த இடத்தைக் காட்டினா அவருக்கும் தேடுற வேலை மிச்சம், உங்களுக்கும் கூலி மிச்சம்.

கடைசியா, கீழ் லயத்துக்காரங்களைப் பத்தி. வீட்டு வாசல்ல அடிச்சுக் கழுவுற எண்ணெய்த் தண்ணி எங்க போகுது? கான் வழியா இறங்கி, அடுத்த லயத்துக்காரங்க குளிக்கிற பீலிக்கோ ஓடைக்கோ. இந்தப் பக்கத்து ஓடை நிறைய பதுளு ஓயாவுக்கும் லொக்கல் ஓயாவுக்கும் போகுது, அது ரெண்டும் மகாவலிக்கு. 1980ஆம் வருஷத்து 47ஆம் இலக்கச் சுற்றாடல் சட்டத்துக்குக் கீழ வாகன சேர்விஸ் ஸ்டேஷன் நடத்தவே அனுமதிப்பத்திரம் எடுக்கணும், காரணம் இந்த எண்ணெய்த் தண்ணிதான். வீட்டுல துடைக்கிறவருக்கு யாரும் வந்து அனுமதிப்பத்திரம் கேக்க மாட்டாங்க. ஆனா துடைக்கிறதுல ஒரு வாளி அழுக்குத் தண்ணியோட வேலை முடியும், அடிச்சுக் கழுவினா பீப்பாக் கணக்குல போகும். அந்த ஒரு வாளியையும் கான்ல ஊத்தாதீங்க. சுரண்டின பிசுக்கையும் எண்ணெய்த் துணியையும் மூடி போட்ட தகரத்துல போட்டு, கராஜ்ல பழைய ஒயில் சேர்க்கிற இடத்துல குடுத்திடுங்க. விறகுக்கு உதவும்னு அடுப்புல மட்டும் வைக்காதீங்க, அந்தப் புகை வீட்டுக்குள்ளதான் சுத்தும்.